உருண்டு போன ஒரு மாதுளை விதை

சேவல் ஓடுகிறது. தடாகத்தின் விளிம்பில் ஒரே ஒரு மாதுளை விதை மிச்சம் கிடக்கிறது. அலகு எட்டப்போகும் நேரத்தில் விதை உருண்டு நீருக்குள் விழுகிறது. விழுந்ததும் மீனாகிவிடுகிறது.

எனக்கு அப்போது பதினொரு வயது. அட்டை கிழிந்த ஒரு சுருக்கப் பதிப்பில் இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து அதே பக்கத்தை மறுபடி படித்தேன். இந்த முறை சேவல் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். அதன்பிறகு அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் விதை நீரில்தான் விழுந்தது.

அரபுக் கதைத் தொகுப்பான ஆயிரத்தொரு இரவுகளில் இரண்டாம் பக்கிரி சொல்லும் கதை அது. ஒரு பக்கம் இளவரசி, எதிரே ஓர் இஃப்ரீத். ஜின்களில் வலிமையும் கொடுமையும் மிகுந்தவர்களை இஃப்ரீத் என்பார்கள். கதை அவனை மந்திரவாதி என்று அழைப்பதில்லை. ஆனால் மனிதனைக் குரங்காக்குகிறவன், பெண்ணைப் பாதாளத்தில் பூட்டிவைக்கிறவன், நினைத்த உருவத்தை எடுக்கிறவன். கொடிய மந்திரவாதி என்றால் நம் மனதில் எழுகிற எல்லாமே அவனிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு இளம் நாயகியும் மந்திரவாதியும் மோதும் இறுதிக் காட்சிகளை நிறையப் படித்தேன், நிறையப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் அவள் கையிலிருந்து ஓர் ஒளி, அவன் கையிலிருந்து இன்னொரு நிறத்தில் ஓர் ஒளி. இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். இசை உயரும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முயல்வாள், அவனுடைய ஒளி பின்வாங்கும். ஏன் பின்வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை. யாரிடம் பலம் அதிகமோ அவர் வென்றார் என்றால் அதைக் கயிறு இழுக்கும் போட்டி என்று சொல்லிவிடலாம். மந்திரம் எதற்கு?

இளவரசியின் சண்டை வேறு மாதிரி. அது எப்படித் தொடங்குகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இஃப்ரீத்தால் குரங்காக்கப்பட்ட ஓர் இளவரசன் கப்பலேறி ஓர் அரசனின் சபைக்கு வந்து சேர்கிறான். பேச்சு வராது, ஆனால் எழுத வரும். குரங்கின் கையெழுத்தைப் பார்த்து வியந்துபோன அரசன், இந்த அதிசயத்தை மகளும் பார்க்கட்டும் என்று அவளை வரச் சொல்கிறான். அவள் உள்ளே நுழைந்ததும் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். இங்கே அந்நியர் யாருமில்லையே, யாருக்காக முகத்தை மூடுகிறாய் என்று தந்தை கேட்கிறார். இது குரங்கல்ல, ஓர் அரசனின் மகன் என்கிறாள் அவள். சபை முழுக்கக் குரங்காகப் பார்த்ததை அவள் ஒருத்தி மனிதனாகப் பார்க்கிறாள். வாளும் நெருப்பும் வருவதற்கு முன்பே அவளுடைய திறமை முழுவதும் இந்த ஓர் அசைவில் தெரிந்துவிடுகிறது.

தந்தை திகைக்கிறார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? சிறு வயதில் என்னிடம் ஒரு கிழவி இருந்தாள், அவள் கற்றுக்கொடுத்தாள் என்கிறாள் மகள். 170 அத்தியாய மந்திரங்கள் அவளுக்கு மனப்பாடம். அதில் மிகச் சாதாரணமான ஒன்றை வைத்தே இந்த நகரத்தின் கற்களைப் பெயர்த்து உலகின் எல்லையிலுள்ள காஃப் மலைக்கு அப்பால் கொண்டுபோய்விட முடியும். இத்தனை வருடம் ஒரே வீட்டில் வளர்த்த தந்தைக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இங்கேதான் திரும்பி வரப்போகிறேன்.

ஹீப்ரு எழுத்துகள் பொறித்த கத்தியால் தரையில் வட்டம் கீறுகிறாள். இருட்டுகிறது. கப்பலின் பாய்மரம் போன்ற கால்களும் தீவட்டி போன்ற கண்களுமாக இஃப்ரீத் வந்து நிற்கிறான். நாம் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டோமே, மீறிவிட்டாயே என்று கத்துகிறான். உன்னைப் போன்றவனோடு எனக்கு என்ன ஒப்பந்தம் என்கிறாள் அவள். அவன் சிங்கமாகப் பாய்கிறான். அவள் தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி வாளாக்கிச் சிங்கத்தை இரண்டாகப் பிளக்கிறாள். சிங்கத்தின் தலை தேளாகிறது, அவள் பாம்பாகிறாள். தேள் கழுகாகிறது, அவள் அதைவிடப் பெரிய கழுகாகிறாள். அவன் கருப்புப் பூனை, அவள் ஓநாய். பூனை தோற்கப்போகும் நேரத்தில் புழுவாகி ஒரு மாதுளம்பழத்துக்குள் நுழைந்துகொள்கிறது. பழம் உப்பி, மேலே எழும்பி, பளிங்குத் தரையில் விழுந்து சிதறுகிறது. தரை முழுக்க விதைகள். அவள் வெள்ளைச் சேவலாகிக் கொத்தத் தொடங்குகிறாள்.

சிறுவயதில் இது வெறும் உருமாற்ற வரிசையாகத்தான் தெரிந்தது. எழுதத் தொடங்கிய பிறகு, ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து அவன் எடுத்த உருவங்களை ஒரு பக்கமும் அவள் எடுத்தவற்றை மறுபக்கமும் எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் சண்டையின் போக்கு கண்ணில் பட்டது. அவனுடைய வரிசையில் சிங்கம், தேள், கழுகு, பூனை, புழு, விதை. பாய்ந்து தாக்க வந்தவன் தப்பி ஓடுகிறான், ஓடியவன் ஒளிகிறான், கடைசியில் நூறு துண்டாகச் சிதறிப்போகிறான். அவன் தோற்றுக்கொண்டே இருக்கிறான். அவளுடைய வரிசையைப் பார்த்தால் ஒவ்வொரு உருவமும் அவனுக்குப் பதிலாக வந்தது. எந்த உருவத்தையும் அவள் முதலில் எடுக்கவில்லை. அவன் என்ன ஆனான் என்று பார்த்துவிட்டு அதற்கு மேலான ஒன்றாக ஆகிறாள். அவன் முதலில் காட்டிவிடுவது அவளுக்கு லாபம்தான். ஆனால் அவன் சிறுத்தால் அவளும் சிறுக்க வேண்டியிருக்கிறது. அவன் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது. நிலத்திலிருந்து வானத்துக்கு, வானத்திலிருந்து தரைக்கு, தரையிலிருந்து தண்ணீருக்கு.

தண்ணீருக்குள் என்ன நடந்தது என்பதைக் கதை சொல்வதில்லை. மீனாக விழுந்தவனைத் துரத்தி அவள் பெரிய மீனாகக் குதிக்கிறாள், இருவரும் மறைந்துபோகிறார்கள். வெளியே நிற்பவர்களுக்கு நீண்ட நேரம் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு அலறல் கேட்கிறது. அவ்வளவுதான். இவ்வளவு உருவங்களை ஒவ்வொன்றாகக் காட்டிய கதைசொல்லி, மிக முக்கியமான கட்டத்தில் கதவைச் சாத்திவிடுகிறான். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது. நீரிலிருந்து முதலில் எழுவது தீப்பிழம்பாக அவன். பின்னாலேயே எரியும் கங்காக அவள்.

சாகும் முன் அவள் சொல்வதன் சாரம் இது: நான் அவன்மேல் ஒரு வாசலைத் திறக்கும்போதெல்லாம் அவன் என்மேல் அதைவிட வலிய ஒன்றைத் திறந்தான், கடைசியில் நெருப்பின் வாசலைத் திறந்துவிட்டான், அது திறக்கப்பட்டுப் பிழைத்தவர்கள் குறைவு. ஜின்கள் புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவர்கள் என்பது இஸ்லாமிய நம்பிக்கை. அப்படியென்றால் அந்தக் கடைசி வாசல் அவன் பிறந்த வீட்டின் வாசல். ஒவ்வொரு உருவத்திலும் வென்றுகொண்டே வந்தவள், துரத்தித் துரத்தி அவனுடைய வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள். அங்கேயும் அவனைச் சாம்பலாக்கினாள். குரங்கின்மேல் நீர் தெளித்து மனிதனாக்கினாள். அதற்குப் பிறகு அந்த நெருப்பு அவளையும் எடுத்துக்கொண்டது. அவனுடைய சாம்பலுக்குப் பக்கத்தில் அவளுடைய சாம்பல்.

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். இருட்டில், ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு. விதை உருண்ட இடத்தில் நான் எதிர்பார்த்த மாதிரியே அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கதை முடிந்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"சித்தி, அந்த ஒரு விதைய மட்டும் அவ ஏன் பாக்கல?"

"விதிடா கண்ணு. கதையில அப்படித்தான் போட்டிருக்கு."

"அவங்கப்பா அங்கதானே நின்னாரு? குரங்கும் இருந்துச்சுல்ல? அவங்களுக்குமா தெரியல? யாராவது ஒருத்தர் அங்க கிடக்குதுன்னு சொல்லியிருக்கலாமே."

என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கூடத்தில் இரண்டே பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி நின்றவர்கள் என் கண்ணில் பட்டதே இல்லை.

மறுநாள் முழு மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்தேன். ரிச்சர்ட் பர்ட்டன் 1885இல் வெளியிடத் தொடங்கிய ஆங்கிலப் பதிப்பு. அதில் என் பழைய சுருக்கப் பதிப்பு விட்டுவிட்ட சில வரிகள் இருந்தன. சேவல் விதைகளைக் கொத்தி முடித்ததும் கூவுகிறது. சிறகை அடித்துக்கொள்கிறது. நின்றிருந்தவர்களைப் பார்த்து, இன்னும் விதை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்பதுபோல் அலகால் சைகை காட்டுகிறது. அவர்களுக்குப் புரியவில்லை. மாளிகையே இடிந்து விழுந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு மறுபடி கத்துகிறது. அப்போதும் புரியவில்லை. அதன்பிறகு அது தனியாகவே தரை முழுக்கத் தேடி ஓடுகிறது. விதையைக் கண்டுபிடிக்கும்போது நேரம் கடந்துவிட்டது.

அவள் கேட்டிருக்கிறாள்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விதி என்று நான் சொன்ன பதில் எவ்வளவு சோம்பேறித்தனமான பதில் என்று பட்டது. கதைக்குள்ளேயே இளவரசி தன் தவறுக்கு விதியைத்தான் காரணம் சொல்கிறாள், அது வேறு விஷயம். சாகப்போகிறவள் மற்றவர்கள்மேல் பழி போட விரும்பியிருக்க மாட்டாள். அந்தக் கூடத்தில் சேவலின் மொழி புரியாமல் நின்றவர்கள் மூன்று பேர். ஒருவர், தன் மகள் என்ன கற்றிருக்கிறாள் என்று அன்று காலைவரை தெரியாதிருந்த தந்தை. இன்னொருவர் அரண்மனைப் பணியாள். மூன்றாவது அந்தக் குரங்கு. எனக்கு ஆறாதது குரங்கின் விஷயம்தான். கப்பலில் எழுத்துச் சுருளைப் பறித்தபோது, கிழித்துவிடுவான், கடலில் போட்டுவிடுவான் என்று எல்லோரும் பயந்து கத்த, நான் எழுதுவேன் என்று சைகையாலேயே கெஞ்சியவன் அவன். கப்பல் தலைவன் அதைப் புரிந்துகொண்டதால்தான் அவனால் எழுத முடிந்தது. மிருக உடம்புக்குள் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்ல முடியாமல் தவிப்பது எப்படியிருக்கும் என்று உலகத்திலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவனும் சேவலைச் சேவலாகத்தான் பார்த்தான்.

சண்டையின் தீப்பொறி பணியாளைக் கொன்றது. தந்தையின் முகத்தைக் கருக்கியது. குரங்கின் ஒரு கண்ணைப் பறித்தது. பிறகு பக்கிரியாகி இந்தக் கதையை அவன் சொல்வதே, உனக்கு ஒரு கண் எப்படிப் போனது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான். அவளுக்கென்று தனிக் கதை இல்லை. பர்ட்டனில் அவள் பெயர் சித்துல் ஹுஸ்ன், அழகின் தலைவி என்று பொருள். இதே நூலில் வேறொரு கதையின் மணமகளுக்கும் இதே பெயர்தான். 170 அத்தியாயம் கற்றவளுக்குத் தனக்கென்று ஒரு பெயர்கூட வைக்காமல் விட்டுவிட்டார்களே என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் இதே நூலின் வெளிச்சுற்றை, மற்ற எல்லாக் கதைகளையும் தனக்குள் வைத்திருக்கும் அந்தக் கதையைப் பாருங்கள். அங்கேயும் ஓர் இளம்பெண் கொடியவன் ஒருவனுக்கு எதிரே இருக்கிறாள். இரவில் மணந்து விடியலில் கொல்லும் அரசனிடம் ஷஹ்ரசாத் தானாக விரும்பிப் போகிறாள். போகும்போது தங்கை துன்யாசாத்திடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறாள்: நான் உன்னை வரவழைப்பேன், நேரம் பார்த்து ‘அக்கா, ஒரு கதை சொல்லேன்’ என்று கேள். தங்கை சரியான நேரத்தில் கேட்கிறாள். அந்த ஒரு கேள்வி வராமல் போயிருந்தால் முதல் கதையே தொடங்கியிருக்காது. உள்ளே இருக்கும் கதையில் சேவலின் சைகை யாருக்கும் புரியாமல் ஒருத்தி சாம்பலாகிறாள். வெளியே, சைகை புரிந்த ஒரு தங்கை பக்கத்தில் இருந்ததால் இன்னொருத்தி பிழைத்து, அந்தச் சாம்பலானவளின் கதையைச் சொல்கிறாள். இதை யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. கதை அப்படி நிற்கிறது.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் இப்படி ஒரு பெண் உண்டு. பெண்களைக் கூடையில் தூக்கிப்போகும் ஒரு மந்திரவாதி. ஒரு முட்டையைக் கொடுத்து எப்போதும் கையில் வைத்திரு என்பான், ஓர் அறையைத் திறக்காதே என்பான். முதல் இரண்டு சகோதரிகளும் முட்டையோடு அந்த அறைக்குள் போகிறார்கள். முட்டை ரத்தத்தில் விழுகிறது, கறை போவதில்லை, மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது பெண் முட்டையை முதலில் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு அப்புறம் கதவைத் திறக்கிறாள். சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. முட்டையில் கறை இல்லாததால் அவனுக்கு அவள்மேல் இருந்த அதிகாரம் போய்விடுகிறது. இனி அவள் சொன்னதை அவன் செய்ய வேண்டும். துண்டுகளாகக் கிடந்த அக்காக்களைச் சேர்த்து உயிர்ப்பித்து, தங்கத்துக்கு அடியில் கூடையில் ஒளித்துவைத்து, அதை அவன் முதுகிலேயே ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறாள். வழியில் அவன் களைத்து உட்காரும்போதெல்லாம் கூடைக்குள்ளிருந்து ஒரு குரல், நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நட என்கிறது. வீட்டில் இருப்பவள்தான் பேசுகிறாள் என்று நம்பி மந்திரவாதி எழுந்து நடக்கிறான். அவன் முதுகில் இருப்பதோ அவன் கொன்ற பெண்கள். இங்கேயும் முடிவு நெருப்புதான், ஆனால் எரிவது அவனும் அவன் கூட்டாளிகளும் மட்டும்.

அந்தச் சமயத்தில் நானும் இளையோருக்கான ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தது. என் நாயகியின் பெயர் மின்னி, பதினான்கு வயது. நிழல்களைத் திருடும் மந்திரவாதியை அவள் ஊர்ப் பொதுவில் எதிர்கொள்கிறாள். முதல் வரைவில் அவளும் கைகளிலிருந்து ஒளியை வீசினாள். எழுதும்போது கை சூடேறியது உண்மை. மறுநாள் படித்தால் பக்கத்தில் உயிரே இல்லை.

அக்கா மகளின் கேள்விக்குப் பிறகு அந்த அத்தியாயத்தை முழுக்கக் கிழித்துப்போட்டேன். புதிதாக ஒரு விதி வைத்தேன். கட்டு மந்திரத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டால் முடிக்கும்வரை வேறு ஒரு சொல்கூட வாயிலிருந்து வரக் கூடாது, வந்தால் மந்திரம் அறுந்துபோகும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் மந்திரவாதி நிழலாகிக் கூட்டத்தின் காலடியில் புகுந்துகொள்கிறான். மாலை வெயில். எல்லா நிழலும் நீளமாக, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கிறது. மின்னி பாதி மந்திரத்தில் இருக்கிறாள். அவளால் தேடவும் முடியாது, கேட்கவும் முடியாது.

கட்டைவிரலால் தரையை மூன்று முறை தட்டுகிறாள்.

கூட்டம் அவளைப் பார்க்கிறது. பயத்தில் கால் நடுங்குகிறது என்று ஒருவர் சொல்கிறார். அவள் மறுபடி மூன்று முறை தட்டுகிறாள். தம்பிக்கு மட்டும் தெரியும். இருவரும் கண்ணாமூச்சி விளையாடும்போது மூன்று தட்டினால், ஒளிந்துகொண்டேன், எண்ண ஆரம்பி என்று அர்த்தம். ஏழு வயதுப் பையன். இந்த நேரத்தில் எதை எண்ணச் சொல்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் அக்கா சொல்லிவிட்டாள். ஆட்களை எண்ணுகிறான், பன்னிரண்டு. வேறென்ன எண்ணுவது என்று தெரியாமல் தலையைக் குனிகிறான். நிழல்களை எண்ணுகிறான். பதின்மூன்று.

விரலால் சுட்டிக்காட்டத் தோன்றவில்லை அவனுக்கு. ஓடிப்போய் அந்த அதிகப்படியான நிழலின் தலையில் காலை வைத்து மிதித்துக்கொண்டு நின்றுவிடுகிறான். மின்னி மந்திரத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லித் தன் நிழலைக் கயிறாகத் திரித்து அவனைக் கட்டுகிறாள். அவன் மண்ணுக்குள் இறங்கும்போது கயிறும் கூடவே போகிறது.

இந்தப் பக்கங்களை அவளிடம் கொடுத்தேன். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை நகர்த்தியபடி படித்தாள். பதின்மூன்று என்ற சொல்லில் விரல் நின்றது. ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு வேகமாகக் கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவனுக்குக் கால் சுட்டிருக்குமே சித்தி?"

சுடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எழுதத்தான் மனம் வரவில்லை. சின்னப் பையன். பணியாளின் உயிரும் ஒரு கண்ணும் தந்தையின் முகமும் போன கதையைப் படித்து வளர்ந்தவளுக்கே கை வரவில்லை.

"சுட்டிருக்கும்."

"அப்ப எழுதுங்க. இல்லன்னா அவன் சும்மா நின்ன மாதிரி ஆயிடும்."

எழுதினேன். உள்ளங்கால் கொப்பளித்துப் போனதையும், அவன் காலை எடுக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதையும் எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் அவனால் வீட்டுக்கு நடக்க முடியாது, அக்காதான் தூக்கிப் போக வேண்டும் என்றாள். அதையும் எழுதினேன். இருட்டுவதற்கு முன் மின்னி தம்பியை முதுகில் சுமந்துகொண்டு வரப்பில் நடக்கிறாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போகிறான். அவர்களுக்கு முன்னால் தரையில் ஒரு சின்ன நிழல் மட்டும் போகிறது, பையனுடையது. கால்கள் மண்ணைத் தொடாமல், காற்றில் மிதப்பதுபோல.